பற்று நோட்டுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியில் எங்கள் தாத்தா வைத்த மளிகைக் கடையை வரும் தையோடு மூடுகிறோம். அப்பாவால் முன்போல் கடையில் நிற்க முடியவில்லை. அண்ணனுக்குக் கோவையில் வேலை. கடையைப் பற்றிக் குடும்பத்துக்காவது ஒரு சிறு புத்தகம் எழுதி வைக்க ஆசை. ஆனால் எதை எழுதுவது? 1905ல் வெண்ணெய் வியாபாரமாகத் தொடங்கிப் பெங்களூர் வரை போன ‘நீல்கிரீஸ்’ கடை மாதிரி சொல்லிக்கொள்ள எங்களிடம் ஒன்றும் இல்லை. தாத்தா கோபியிலிருந்து வந்தார், உழைத்தார், கடை நடந்தது, அவ்வளவுதான். மிச்சம் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய, கடனுக்குக் கொடுத்ததை எழுதிவைத்த பற்று நோட்டுகள். பழைய பேப்பருக்குப் போடலாம் என்கிறான் அண்ணன். ஒன்றைப் புரட்டினேன். 1956ல் ஒரசோலை கிராமத்துக்காரர் ஒருவரின் பக்கத்தில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், வெள்ளைத் துணி என்று எழுதி, கீழே ‘கிழங்கு எடுத்ததும்’ என்று தாத்தா குறித்திருக்கிறார். 1980 வாக்கில் அதே வீட்டுக் கணக்கில் அப்பாவின் கையெழுத்தில் ‘இலைக் காசு வந்ததும்’ என்று இருக்கிறது. இதிலெல்லாம் வரலாறு இருக்கிறதா?

எம்.

அன்புள்ள எம்.,

நோட்டுகளைப் போட்டுவிடாதீர்கள். முதலில் அண்ணனிடம் இதைச் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

நீங்கள் எடுத்துக்காட்டிய இரண்டு குறிப்புகளுக்கு நடுவே இந்த மலையின் கால் நூற்றாண்டு கிடக்கிறது. 1956ல் உங்கள் பக்கத்தில் உருளைக்கிழங்குதான் பணம். விதைக்கிழங்கு ஊன்றி, களையெடுத்து, தோண்டி, மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, காசு மலையேறி வரும்வரை அந்த ஒரசோலை வீட்டில் அடுப்பு எரிந்தது உங்கள் தாத்தா கொடுத்த கடனில். மாதக்கணக்கில் கைமுதலை முடக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மழை ஏமாற்றினால் அடுத்த போகம்வரை. 1961ல் ஊட்டிக்குப் பக்கத்தில் கிழங்கு வேரில் நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். ஒருமுறை மண்ணில் இறங்கிவிட்டால் அதன் முட்டைகள் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். கிழங்குக் காடுகள் தேயிலையானதற்கு அது மட்டும் காரணமில்லை, ஆனால் பெரிய காரணம். தேயிலைக்கு அறுவடைக் காலம் என்று தனியாகக் கிடையாது. கொழுந்து வந்துகொண்டே இருக்கும், ஃபேக்டரி மாதாமாதம் கணக்குப் பார்க்கும். போகக் கடன் மாதக் கடனாகச் சுருங்கியிருக்கிறது. அதைத்தான் உங்கள் அப்பா மூன்று வார்த்தையில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு வீட்டின் அளவில், தேதியோடு, இதை எந்த அரசு அறிக்கையிலும் பார்க்க முடியாது.

அந்த வெள்ளைத் துணி எந்த மாதத்தில் எழுதப்பட்டது என்று பாருங்கள். மார்கழி என்றால் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு எடுத்ததாக இருக்கலாம். கிழங்கு விலை விழுந்த வருடங்களிலும் துணி எடுத்தார்களா, அதையும் உங்கள் கடை கடனுக்குக் கொடுத்ததா என்று அடுத்தடுத்த மார்கழிகளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நீல்கிரீஸ் பற்றி எழுதியிருந்தீர்கள். முத்துசாமி முதலியார் தொடங்கிய வியாபாரம் 1936ல் பெங்களூர் பிரிகேட் சாலைக்குப் போனது நல்ல கதைதான், எனக்கும் பிடித்த கதை. அது மலையை விட்டு இறங்கி வளர்ந்த கடை. இங்கேயே நின்று, இந்த ஜனங்களின் நல்லது கெட்டதில் முதலைப் போட்ட கடையைப் பற்றி யாரும் எழுதவில்லை. ‘உழைத்தார், உயர்ந்தார்’ என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். அப்படி எழுதினால் எல்லாத் தாத்தாக்களும் ஒரே தாத்தாவாகிவிடுவார்கள்.

அடிக்காமல் விட்ட பக்கங்கள் இருக்கும். பாக்கி தீர்ந்தால் குறுக்கே ஒரு கோடு இழுப்பார்கள் அல்லவா, அந்தக் கோடு விழாத பக்கங்கள். 1999க்குப் பிறகு பச்சை இலை விலை சரிந்தபோது அவை கூடியிருக்கும் என்று நினைக்கிறேன். சோவியத் யூனியன் உடைந்ததில் நம் தேயிலைக்கு இருந்த பெரிய வாடிக்கை ஆட்டம் கண்டது. அந்த அடி கடைசியில் வந்து விழுந்த இடங்களில் உங்கள் கல்லாவும் ஒன்று. இந்தப் பக்கங்களை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். யாரிடம் திருப்பிக் கேட்டார், யாரிடம் கேட்காமலே விட்டார், ஏன் விட்டார் என்பதெல்லாம் நோட்டில் இருக்காது. இதைத் தள்ளிப் போட வேண்டாம். அச்சில் வரும்போது ஊர்ப்பெயர் போதும், ஆள் பெயர் வேண்டாம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்ப்பவர்கள்.

ஈரம் பட்ட நோட்டை வெயிலில் காயப் போடாதீர்கள், நிழலில் ஆற விடுங்கள். துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படமெடுங்கள். லாமினேஷன் மட்டும் கூடவே கூடாது.

இன்னொன்று. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தது. அதுவரை ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தியாக இருந்த கணக்கு இரண்டு பத்தியாகியிருக்கும். ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. பழைய பாக்கியைப் புதுக் காசுக்கு மாற்றும்போது எல்லார் பக்கத்திலும் துண்டு விழுந்திருக்கும். அதை உங்கள் தாத்தா தன் கணக்கில் ஏற்றுக்கொண்டாரா, வாங்கினவர் கணக்கில் ஏற்றினாரா? அவர் எப்படிப்பட்ட வியாபாரி என்று அந்த ஒரு வாரக் கணக்கே சொல்லிவிடும். அந்த வருடத்து நோட்டு கிடைத்தால் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரப் பக்கங்களை எனக்குப் படமெடுத்து அனுப்புங்கள். நானும் கூடவே உட்கார்ந்து கூட்டிப் பார்க்கிறேன்.

அன்புடன்