தேன் விலை கேட்காதீர்கள்: தேனீ பற்றிய கேள்வி பதில்

பினாங்கில் ஒரு பூச்சி ஆய்வுக்கூடத்தில் 18 ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். தேனீயின் மூளை, நடத்தை, நோய் பற்றி எதையும் கேளுங்கள். தேன் என்ன விலை, எந்தக் கடையில் அசல் கிடைக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்காதீர்கள். சேனை வைப்பது பாட்டி காலத்து வழக்கம்தான். ஆனால் தேனில் இருக்கக்கூடிய, பச்சிளம் உடலை முடக்கிவிடும் பாட்டுலிசம் நோய்க் கிருமியின் வித்துகளுக்கு வழக்கம் தெரியாது.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியிலிருந்து: அக்கா, மூன்று நாளாகக் கார் முழுக்க மஞ்சள் புள்ளி. பக்கத்தில் யாரோ பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று சண்டைக்கே போய்விட்டேன். அப்புறம் ஒருவர் தேனீ என்கிறார். உண்மையா?

சண்டை போட்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். அது பெருந்தேனீயின் எச்சம். தூவாலாங் மரத்திலும் உயரமான கட்டடங்களிலும் பலகை போல ஒரே அடை தொங்கவிடுமே, அந்த இனம். கூட்டமாகப் பறந்து ஒரே நேரத்தில் கழிக்கும். மஞ்சள் நிறம் செரித்த மகரந்தத்துடையது.

இந்தப் புள்ளிக்காக வல்லரசுகளே மோதிக்கொண்டிருக்கின்றன. 1981-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க், லாவோஸிலும் கம்போடியாவிலும் சோவியத் தந்த நச்சு 'மஞ்சள் மழை'யாகப் பொழிகிறது என்று குற்றம் சாட்டினார். உயிரியலாளர் மேத்யூ மெசல்சனும் தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலியும் தாய்லாந்துக்குப் போய்ப் பெருந்தேனீக் கூடுகளுக்கு அடியில் நின்றார்கள். மழை அவர்கள் தலையிலேயே விழுந்தது. மாதிரிகளில் இருந்த மகரந்தத்தில் புரதம் காலியாகியிருந்தது, அதாவது ஏற்கெனவே ஒரு வயிற்றைக் கடந்து வந்தது. ஏன் கூட்டமாகப் போகின்றன என்பதற்கு நம் நாட்டு ஆய்வாளர் மக்ஜிர் மர்டான், பீட்டர் கெவனோடு சேர்ந்து 1989-ல் ஒரு விளக்கம் தந்தார்: உடல் சூட்டைக் குறைத்துக்கொள்ளத்தான் என்று. நம் ஊர் வெயிலில் நின்று யோசித்தவருக்குத்தான் அது தோன்றும்.

காய்வதற்குள் தண்ணீர் விட்டுத் துடையுங்கள்.

ஜெலுத்தோங்கிலிருந்து: இரவில் நடைபாதை விளக்கைச் சுற்றித் தேனீக்கள் விழுந்து சாகின்றன. ஏதாவது கெட்ட சகுனமா?

அதே பெருந்தேனீதான். நிலவு இரவில் இரை தேடும் இனம், விளக்கைப் பார்த்துக் குழம்புகிறது. விளக்கை அணைத்து வையுங்கள். கூடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் 999-ஐ அழையுங்கள். மண்ணெண்ணெய்ப் பந்தத்தோடு நீங்களே ஏணி ஏறாதீர்கள்.

பட்டர்வொர்த், படிவம் 6 மாணவி: கடுகளவு மூளையால் எப்படிக் கற்றுக்கொள்ள முடிகிறது?

வாம்மா, இப்படி ஒரு கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கன மில்லிமீட்டர் அளவு மூளை, அதில் ஏறத்தாழ 9 லட்சத்து 60 ஆயிரம் நரம்பணுக்கள். நமக்கு 8,600 கோடி. ஆனால் அந்தச் சிறு மூளையின் நரம்பணுக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் 'காளான் உடல்' என்ற பகுதியில் குவிந்திருக்கிறது. வாசனை, நிறம், இனிப்பு எல்லாம் அங்கே வந்துதான் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன.

நாங்கள் செய்த எளிய சோதனையைச் சொல்கிறேன். தேனீயைப் பனிக்கட்டியில் வைத்து மயக்கி, வெட்டிய உறிஞ்சுகுழாய்த் துண்டில் தலை மட்டும் வெளியே தெரியும்படி கட்டுவோம். உணர்கொம்பில் சர்க்கரைத் தண்ணீர் பட்டால் நாக்கு தானாக நீளும். இப்போது முதலில் ஒரு வாசனை, உடனே சர்க்கரை. இரண்டு மூன்று தடவை போதும், பல தேனீக்கு ஒரே தடவை போதும். அப்புறம் வாசனைக்கே நாக்கு நீளும், மறுநாளும் மறக்காது. முதன்முதலாக அதைப் பார்த்த அன்று எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

இது வெறும் பழக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. 2001-ல் மார்ட்டின் ஜியூர்ஃபா குழு 'ஒரே மாதிரி', 'வேறு மாதிரி' என்ற கருத்தையே தேனீக்குப் பழக்கியது. நிறத்தில் கற்றதை அது வாசனைக்கும் பொருத்தியது. தூரத்தை எப்படி அளக்கிறது என்பது இன்னும் அழகு. பெங்களூரில் படித்து ஆஸ்திரேலியா போன மாண்டியம் ஸ்ரீனிவாசன் குழு, கோலம் போட்ட 6 மீட்டர் சுரங்கத்துக்குள் தேனீயைப் பறக்கவிட்டது. இரை எவ்வளவு தூரம் என்று மற்றத் தேனீக்களுக்கு நடனமாடித்தான் தேனீ சொல்லும்; திரும்பி வந்து ஆடிய தேனீ ஏறத்தாழ 200 மீட்டர் என்று சொன்னது! கண் ஓரமாகக் காட்சி எவ்வளவு ஓடியது என்பதுதான் அதன் அளவுகோல். குறுகிய சந்தில் கார் ஓட்டினால் வேகம் அதிகம் போலத் தோன்றுமே, அதேதான்.

சுங்கை டுவாவிலிருந்து: கெலுலுட் தேன் சர்க்கரை நோய்க்கு நல்லதா?

நான் மருத்துவர் இல்லை. கெலுலுட் என்னும் கொடுக்கில்லாத் தேனீயின் தேனில் டிரெஹாலுலோஸ் என்ற மெதுவாகச் செரிக்கும் சர்க்கரை இருப்பது 2020-ல் தெரியவந்தது. மெதுவாகச் செரித்தாலும் சர்க்கரை சர்க்கரைதான்.

பிறை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: 'நண்டும் தும்பியும் நான்கறி வினவே' என்கிறது தொல்காப்பியம். தும்பிக்குச் செவி இல்லை என்று பொருள். அறிவியல் என்ன சொல்கிறது?

ஐயா, வணக்கம். தொடுதல், சுவை, மணம், பார்வை வரை நான்கு; ஐந்தாவதுதான் செவி. தொல்காப்பியர் அப்படியொன்றும் தவறவில்லை. தேனீக்கு நம்மைப் போலச் செவிப்பறை கிடையாது. நீங்கள் தொலைவில் நின்று கத்தினால் அதற்குக் கவலையில்லை. காற்றில் வரும் ஒலிக்கு அது செவிடு என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1989-ல் டவுன், கிர்ச்னர் இருவரும் அதை மாற்றினார்கள். உணர்கொம்பின் அடியில் ஜான்ஸ்டன் உறுப்பு என்று ஒன்று இருக்கிறது. நடனமாடும் தேனீயின் சிறகு நொடிக்கு 250 முதல் 300 முறை அதிரும்போது, ஒட்டி நிற்கும் தேனீ அந்தக் காற்றசைவை இருட்டிலேயே உணர்கிறது. அதைக் கேட்டல் என்பதா, தொடுதல் என்பதா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இடையில் ஒருவர்: தும்பி என்றால் தட்டான்தானே! தேனீ எங்கே வந்தது?

இன்றைக்குத் தட்டான். சங்கப் பாட்டில் பூவில் தேன் உண்ணும் வண்டினம். தட்டான் பூவில் தேன் குடித்து நீங்கள் பார்த்ததுண்டா?

இன்னொருவர்: பார்த்தீர்களா, எல்லாவற்றையும் நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்.

தம்பி, நிதானம். அதே இடத்தில் 'சிதலும் எறும்பும் மூவறி வினவே' என்றும் இருக்கிறது. அதாவது எறும்புக்குக் கண் இல்லை. கறையான் வேலையாட்களுக்கு அது பொருந்தும், பெரும்பாலும் குருடு. எறும்புக்கு? வீட்டு மாமரத்தில் கெரங்கா என்ற சிவப்பு மர எறும்பு இருந்தால் அருகில் விரலை ஆட்டிப் பாருங்கள். தலையைத் திருப்பி வாயைப் பிளக்கும்.

ஆசிரியர் மறுபடியும்: காற்றசைவை உணர்வது தொடுதலே, ஆகவே நான்கறிவு நிற்கிறது. ஆனால் எறும்பை விட்டுக்கொடுக்கிறேன்.

பெரிய மனது ஐயா. ஆனால் நம் காதுக்குள்ளும் அசைவது மயிர் போன்ற நுண்ணிழைதான். அசைவை உணர்வதெல்லாம் தொடுதல் என்றால் நமக்கும் நான்கறிவுதான் மிஞ்சும். அப்புறம் இதையும் கேளுங்கள்: மேற்கத்தியத் தேனீயில் புது ராணி வெளியே வந்ததும் அடையை அதிரவைத்துக் குரல் எழுப்பும். அறைக்குள் அடைபட்ட மற்ற ராணிகள் வேறு குரலில் பதில் சொல்லும். வேலைக்காரத் தேனீக்கள் அப்படியே உறைந்து நிற்கும். அவை கேட்பது காலால்.

கெப்போங்கிலிருந்து: கைத்தொலைபேசிக் கோபுரத்தால் தேனீ அழிகிறது என்கிறார்களே?

2006-ல் ஜெர்மனியின் லாண்டாவில் வீட்டுக் கம்பியில்லாத் தொலைபேசியின் அடிப்பெட்டியைக் கூட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்தார்கள். கைத்தொலைபேசியே இல்லை. செய்தித்தாள்கள் மீதியை இட்டுக்கட்டின. தேனீ வழி தவறுவதற்குக் காரணம் வேண்டுமானால் பூச்சிமருந்தைப் பாருங்கள். தயாமீத்தாக்சம் கொடுத்த தேனீக்கள் அதிகமாக வீடு திரும்பாமல் போனதைப் பிரான்சில் முதுகில் சில்லு ஒட்டி 2012-ல் காட்டினார்கள். ஐன்ஸ்டைன் 'தேனீ போனால் நான்கே ஆண்டு' என்றாரா என்று அடுத்து கேட்பீர்கள். அவர் சொன்னதற்குச் சான்று இல்லை.

காஜாங்கிலிருந்து: கெலுலுட் தேன் ரத்த அழுத்தத்துக்கு...

மேலே பார்க்கவும்.

பாலிக் பூலாவ், பெட்டித் தேனீ வைத்திருப்பவர்: புழுக்கள் தலையைத் தூக்கியபடி செத்துக் கிடக்கின்றன. எடுத்தால் தண்ணீர்ப் பை போல வருகிறது. என்ன மருந்து?

நீங்கள் சொல்வது சாக்புரூட் வைரஸ் போலத்தான் இருக்கிறது. நம் நாட்டு அடுக்குத் தேனீயைத் தாக்கும் வகை 1970-களில் தாய்லாந்தில் அடையாளம் காணப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பெட்டி பெட்டியாகக் காலி செய்தது. மருந்து கிடையாது, ஆன்டிபயாட்டிக் போடாதீர்கள், வைரஸுக்கு அது வெறும் தண்ணீர். நோய் அடைகளை எடுத்துவிடுங்கள். ராணியைச் சில வாரம் கூண்டில் வைத்து முட்டையிடுவதை நிறுத்துங்கள். ஒரு பெட்டியின் அடையை இன்னொன்றில் வைக்கவே வைக்காதீர்கள். பாதிப் பேர் செய்யும் தவறு அதுதான். நானும் செய்திருக்கிறேன், நான்கு பெட்டி போயிற்று.

கிள்ளானிலிருந்து: கெலுலுட் தேன் ஒரு போத்தல் எவ்வளவு...

அடுத்தவர்.

பாயான் லெப்பாஸ், ஒரு பாட்டி: பேரனுக்கு இன்னும் மூன்று வாரத்தில் ஒரு வயது. நல்ல தேன்தான், ஒரு சொட்டு கொடுக்கலாமா?

மூன்று வாரம் பொறுங்கள், அம்மா.