மெல்லிசைக் குழுவில் பாடுகிறவர் தனியாக, வேறு மேடைப் பெயரில் வர எதை முதலில் செய்ய வேண்டும்?

மதுரைப் பக்கம் திருவிழாக் கச்சேரிகளில் பாடும் ஒருவர், குழுவை உடனே விடாமல் புதுப் பெயரில் சொந்தப் பாட்டு வெளியிட நினைக்கிறார், முதலில் பாட்டா பெயரா என்பது கேள்வி. பெயர்தான். பாட்டு சுமாராக வந்தால் அடுத்ததில் சரிக்கட்டிவிடலாம். பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாகப் பதிந்துவிட்டால் தேடி வருகிறவர்களெல்லாம் சிதறிப்போவார்கள்.

பண்ணைப்புரத்து ராசய்யா பாவலர் பிரதர்ஸ் குழுவோடு ஊர் ஊராக வாசித்தவர். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது பஞ்சு அருணாசலம் 'ராஜா'வுக்கு முன்னால் 'இளைய' சேர்த்து அவரை இளையராஜா ஆக்கினார், ஏ.எம்.ராஜா என்று ஒரு பாடகர் ஏற்கெனவே இருந்ததால். இன்று அதே குழப்பம் யூடியூப் தேடலில் வரும். வெறும் கார்த்திக், பிரியா எல்லாம் அங்கே கரையேறாது. 'மதுரை' என்று முன்னால் போடுவது மதுரை சோமு, மதுரை மணி ஐயர் காலத்து வழக்கம். இப்போது அதுவும் நெரிசல். மேலூர், உசிலம்பட்டி போலச் சொந்த ஊரைப் போடுவது மேல்.

ஆங்கில எழுத்து தனித் தலைவலி. ழ-வுக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். த-வுக்கு டி-யா, டி-எச்சா என்று அடுத்த சண்டை. நினைத்திருக்கும் பெயரை ஐந்து பேரிடம் வாயால் மட்டும் சொல்லி, போனில் ஆங்கிலத்தில் தட்டச் சொல்லுங்கள். நான்கு பேர் ஒரே மாதிரி எழுதினால் எடுத்துக்கொள்ளலாம். அப்படியே கூம்பு ஸ்பீக்கரில் ஒருமுறை அறிவிக்கச் சொல்லிக் கேளுங்கள். ச, ஷ நிறைந்த பெயர் தூரத்தில் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும்.

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு டிஸ்ட்ரிப்யூட்டர், அதாவது பாட்டை வாங்கித் தளங்களில் ஏற்றிக் கொடுக்கும் நிறுவனம், வழியாகத்தான் பாட்டு போகும். முதல் பாட்டை ஏற்றும்போது அதே பெயரில் யாராவது இருந்தால் 'புதிய கலைஞர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் பாட்டு முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது பாட்டில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கும்: மறுபடி 'புதிய' என்று அழுத்தினால் உங்களுக்கே இரண்டு பக்கம். அப்போது முதல் பக்கத்தின் இணைப்பைக் கொடுக்க வேண்டும். அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல், பாட்டு வேவ் கோப்பு. வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் பாட்டுப் பட்டியல்களுக்கு (பிளேலிஸ்ட்) உங்கள் பாட்டைப் பரிந்துரைக்கக் குறைந்தது 7 நாள் முன்பு அனுப்ப வேண்டும்.

பணம் சட்டப் பெயரில்தான் வரும். பான், வங்கிக் கணக்கு, யூடியூப் வருமானம் எல்லாமே அதில். கெசட்டில் பெயர் மாற்றத் தேவையில்லை. ஆனால் விழாக் கமிட்டி ஃப்ளெக்ஸைப் பார்த்துச் செக்கில் மேடைப் பெயரை எழுதிவிடும், வங்கி திருப்பிவிடும். அட்வான்ஸ் ரசீதிலேயே 'செக் எழுத வேண்டிய பெயர்' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். டிரேட்மார்க் நான்கைந்து பாட்டு வந்த பிறகு போதும்: வகுப்பு 41 (பொழுதுபோக்குச் சேவைகளுக்கானது), தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் 4,500 ரூபாய், பதிவு 10 வருடம்.

சினிமாப் பாட்டைப் பாடி யூடியூபில் போட்டால் விளம்பரக் காசு பெரும்பாலும் ஆடியோ கம்பெனிக்குத்தான். முகம் தெரிவதற்கு உதவும், அவ்வளவே. சொந்தப் பாட்டு என்றால் எழுதியவர், மெட்டமைத்தவர் இருவரோடும் ஒரு பக்க ஒப்பந்தமாவது கையெழுத்தாக வேண்டும். "நண்பன்தானே" என்று விட்ட இடத்தில்தான் பிறகு வழக்கு வரும். பழைய கும்மி, தாலாட்டு எடுக்கலாம். இன்னொருவர் அதற்குச் செய்த இசையமைப்பை எடுக்கக் கூடாது.

குழுவுக்கு அட்வான்ஸ் வாங்கிய தேதிகளைப் பாடி முடித்துக் கொடுங்கள். சீசன் நடுவில் விலகினால் பங்குனி, சித்திரை ஊர்களில் அந்தப் பேச்சுதான் முதலில் போய்ச் சேரும். உரிமையாளர் சம்மதித்தால் சொந்தப் பாட்டைக் குழு மேடையிலேயே பாடலாம். சாமி பாட்டுகள் முடிந்து கூட்டம் சேர்ந்ததும் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வையுங்கள். குத்துப்பாட்டுக்குப் பின்னால் வைத்தால் பாதிப் பேர் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். பதிவின்போதே சுருதியை அரைக் கட்டை குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோவில் காலை வேளைத் தொண்டை எட்டிப்பிடித்த உச்சம், மேடையில் மூன்றாவது மணி நேரத்தில் பிசிறும்.

ஃப்ளெக்ஸில் முதல் வருடம் மேடைப் பெயர் பெரிதாக, கீழே சின்ன எழுத்தில் குழுவின் பெயரோடு 'புகழ்' என்று போடலாம். கடைக்குப் போனில் பெயரைச் சொல்லாதீர்கள், ண-வை ன ஆக்கிவிடுவார்கள், படமாக அனுப்புங்கள். க்யூஆர் கோடு கீழ் மூலையில் வேண்டாம். கட்டுக்கம்பி அங்கேதான் வரும்.