கவுன்சில் போடும் மனுவை எதிர்க்காதீர்கள்

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். இருவருமே இலங்கை, கிழக்கு மாகாண முஸ்லிம்கள். 5 மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். அடுத்த மாதம் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாகிவிட்டது. "40 ஆம் நாள் தப்பிப்போச்சு, வந்ததும் ஒஸ்தா மாமியக் கூப்பிட்டு சுன்னத்து செஞ்சிடலாம்" என்று மாமி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். ஒஸ்தா மாமி என்றால் ஊரில் பெண் பிள்ளைகளுக்குச் சுன்னத்து செய்யும் பெண். பயந்துபோய் ஹெல்த் விசிட்டரிடம் (குழந்தையைப் பார்க்க வரும் தாதி) சொல்லிவிட்டேன். இப்போது கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்), பிள்ளைக்கு இதைச் செய்யக்கூடாதென்று கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கப்போகிறது. "ஒரு சின்னக் கீறல்தானே, வீட்டுக்குள்ள பொலிஸக் கொண்டுவந்துட்டாய்" என்கிறார் கணவர். கல்யாணமான நாளிலிருந்து மாமி படுத்தும் பாடு வேறு. நான் சொன்னதை வாபஸ் வாங்கலாமா? பிள்ளையைப் பறித்துக்கொள்வார்களா?

பதில்:

சகோதரி, மாமி படுத்தும் பாட்டையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வேதனை எனக்குப் புரிகிறது, ஆனால் நீதிபதி அதற்குள் போகமாட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்ட நிமிடத்திலிருந்து ஆபத்து உங்களுக்குத் தெரியும்.

பெண் பிள்ளைக்குச் செய்யும் இந்தச் சுன்னத்தைப் பிரிட்டனில் பெண் உறுப்புச் சிதைப்பு என்பார்கள். அதற்கான 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2015 இல் 3ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இது நடந்தால், செய்தவருக்கு 14 ஆண்டுவரை சிறை. காப்பாற்றத் தவறிய பெற்றோருக்கு 7 ஆண்டுவரை. பிரிட்டனில் குடியிருப்பவர் என்பதால், இலங்கையில் நடந்தாலும் உங்களுக்கு அது பொருந்தும். "எனக்குத் தெரியாது" என்று இனி நீங்கள் சொல்ல முடியாது. தடுக்க என்னால் முடிந்ததைச் செய்தேன் என்று காட்டலாம், அவ்வளவுதான். ஹெல்த் விசிட்டரிடம் வாய் திறந்தீர்களே, உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அது. அதையா வாபஸ் வாங்கக் கேட்கிறீர்கள்?

இனி அந்தச் "சின்னக் கீறல்". தோலை வெட்டி எடுக்காமல் ஊசியால் குத்துவதோ கீறுவதோ இந்தக் குற்றவியல் சட்டத்துக்குள் வருமா என்பதில் இங்கிலாந்தில் சந்தேகம் இருப்பது உண்மைதான். உங்கள் கணவருக்கும் யாரோ அதைச் சொல்லியிருப்பார்கள். அதை நம்பி இறங்கவேண்டாம். 2015 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர வழக்கொன்றில் நீதிபதி சர் ஜேம்ஸ் மன்பி, எந்த வகைச் சிதைப்பும், கீறல் உட்பட, பிள்ளைக்குக் கடுமையான தீங்குதான் என்று தீர்ப்பெழுதினார். குடும்ப நீதிமன்றத்தில் கவுன்சிலுக்கு அது போதும். இங்குள்ள அதே சொற்களில் எழுதப்பட்ட ஆஸ்திரேலியச் சட்டத்தில் சிறு காயமும் அடங்கும் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2019 இல் சொல்லிவிட்டது. அதுவும் போகட்டும். 5 மாதப் பிள்ளை காலை உதறித் துடிக்கும்போது பிளேட் எவ்வளவு ஆழம் போகும் என்று எந்த ஒஸ்தா மாமி உத்தரவாதம் தருவார்? டாக்டரிடம் செய்யலாம் என்பார்கள். டாக்டர்கள் இதைச் செய்யக்கூடாதென்று இலங்கைச் சுகாதார அமைச்சே 2018 இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

கவுன்சிலை எதிரியாகப் பார்க்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இந்த மனுவை நீங்களே போடுவதென்றால் முதலில் கோர்ட்டின் அனுமதி கேட்கவேண்டும். கவுன்சிலுக்கு அது தேவையில்லை. அதைவிட முக்கியம், கணவருக்கும் மாமிக்கும் எதிராக உங்கள் பெயரில் ஒரு மனு போகாது. "நான் கேஸ் போடவில்லை, கவுன்சில் போட்டது" என்று நாளைக்கு ஊரில் சொல்லிக்கொள்ளலாம். சேர்ந்து வாழ நினைக்கும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

பிள்ளையைப் பறிப்பார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். என்னிடம் வந்தவர்களில் பிள்ளை விஷயத்தில் சிக்கலில் மாட்டியவர்கள் உண்மையைச் சொன்னவர்கள் அல்ல, சொல்லிவிட்டுப் பின்வாங்கியவர்கள். முதல் வாரம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்வார்கள். இரண்டாம் வாரம் கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "நான் தப்பாக விளங்கிக்கொண்டேன்" என்பார்கள். சோஷியல் வேர்க்கர் அதை நம்பமாட்டார். "தாய் பாதுகாக்கிறார்" என்று எழுதிய ஃபைலில் "அழுத்தம் வந்தால் தாயால் பாதுகாக்க முடியாது" என்று எழுதுவார். அதுவரை ஒரு பயணத்தைப் பற்றிய வழக்கு, அந்த வரிக்குப் பிறகு பிள்ளை யாரிடம் வளரவேண்டும் என்ற வழக்காகிவிடும். அப்புறம் அதை நிறுத்துவது மிகக் கடினம்.

அடுத்த பொறி, இருவருக்கும் ஒரே வக்கீல். செலவு மிச்சம் என்று கணவர் சொல்வார். உங்கள் நலனும் அவர் நலனும் இங்கே வேறு வேறு. தனி வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள்.

போய்வந்து மறைத்துவிடலாம் என்ற எண்ணம் வீட்டில் யாருக்காவது இருந்தால் இதைச் சொல்லுங்கள். 2006 இல் 3 வயதுப் பிள்ளையைக் கென்யாவுக்குக் கூட்டிப்போன ஒரு பெண்ணுக்கு 2024 இல் 7 ஆண்டு சிறை கிடைத்தது. பிள்ளை 16 வயதில் பள்ளியில் வாய் திறந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

ஆகவே சமாதானமாகப் போங்கள். உத்தரவுக்கு இருவரும் சம்மதியுங்கள். எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளாமலே சம்மதிக்கலாம். உத்தரவு குற்றப் பதிவு அல்ல, மீறினால்தான் குற்றம், அதற்கு 5 ஆண்டுவரை. பிள்ளையின் பாஸ்போர்ட்டை ஒப்படையுங்கள். அடுத்த மாதம் கணவர் மட்டும் ஊருக்குப் போகட்டும், டிக்கெட் காசு போனால் போகட்டும். நிலைமை மாறினால் உத்தரவை மாற்றக் கேட்கவும் வழி இருக்கிறது. மாமியின் பெயரையும் உத்தரவில் சேர்க்கலாம், அவர் இலங்கையில் இருப்பது தடையல்ல. சேர்ப்பதா என்பதை உங்கள் வக்கீலோடு பேசி முடிவு செய்யுங்கள்.

அந்த வாய்ஸ் மெசேஜை அழிக்கவேண்டாம். கணவர் அழிக்கச் சொன்னாலும் சரி. இன்றைக்கே உங்கள் வக்கீலுக்கு அனுப்பிவையுங்கள்.