ஊரிலிருந்து ரயிலில் வந்து விமானம் ஏற: எழும்பூரா, தாம்பரமா?

கேள்வி: அப்பா, அம்மா இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. திண்டுக்கல்லில் இரவு ரயில் ஏறி விடிகாலை சென்னை வருகிறார்கள். அன்று காலை 10 மணிக்கு சிங்கப்பூர் விமானம். ஆளுக்கொரு பெரிய பெட்டி, ஒரு தோள்பை. எழும்பூர் வரை டிக்கெட் எடுத்திருக்கிறோம். அங்கிருந்து லோக்கல் ரயிலா, மெட்ரோவா, டாக்சியா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: எழும்பூர் வரை டிக்கெட் இருந்தாலும் தாம்பரத்தில் இறங்கச் சொல்லுங்கள். தென்மாவட்ட வண்டிகள் அநேகமாக எல்லாமே அங்கே நிற்கும். உங்கள் வண்டியும் நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தாம்பரம் தாண்டியதும் அந்த ரயில் விமான நிலையத்தை ஒட்டியேதான் போகும், ஆனால் நிற்காது. எழும்பூரில் இறங்கினால் வந்த வழியிலேயே லோக்கலில் நாற்பது நிமிடம் போலத் திரும்பிப் போக வேண்டும். செங்கல்பட்டு தாண்டியதுமே பெட்டிகளை வாசல் பக்கம் கொண்டுவந்துவிட்டால் தாம்பரத்தில் அவதிப்பட வேண்டாம்.

இனி லோக்கல் விஷயம். தாம்பரத்திலிருந்து கடற்கரை ஸ்டேஷன் போகும் வண்டியில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். கால் மணி நேரப் பயணம்தான். விமான நிலையத்துக்கான ஸ்டேஷன் திரிசூலம். இதை அப்பாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். அவர் வயதுக்காரர்கள் பலருக்கு இன்னமும் அது 'மீனம்பாக்கம் ஏர்போர்ட்'தான். மீனம்பாக்கம் என்று லோக்கல் ஸ்டேஷன் ஒன்றும் மெட்ரோ ஸ்டேஷன் ஒன்றும் இருக்கின்றன. எதில் இறங்கினாலும் பெட்டியை இழுத்துக்கொண்டு ஜிஎஸ்டி சாலையில் (விமான நிலையத்தின் முன்னே போகும் கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலை) நடக்க வேண்டியதுதான்.

எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை வைத்துக்கொண்டு லோக்கலில் ஏறக்கூடாது, தனி டிக்கெட் வேண்டும். குறைந்தபட்சக் கட்டணமே 5 ரூபாய்தான். விடிகாலையில் கவுன்டரில் நிற்க வேண்டாமென்றால் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ரயில்வே செயலியில் ஸ்கேன் செய்து எடுக்கலாம். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டியைவிடத் தாம்பரத்திலேயே புறப்படும் வண்டி நல்லது. காலியாக வந்து நிற்கும், நிதானமாகப் பெட்டியை ஏற்றலாம். முதல் வகுப்புப் பெட்டியில் தெரியாமல் ஏறிவிட வேண்டாம், அபராதம் போடுவார்கள். 2025 ஏப்ரலில் இந்தத் தடத்தில் ஏசி மின்ரயிலும் வந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். ஆனால் ஒரு நாளைக்குச் சில நடைகள்தான். அதை நம்பி விமானத்துக்குத் திட்டம் போடாதீர்கள்.

ஐந்து மணி வாக்கில் லோக்கலில் கூட்டம் பெரிதாக இருக்காது. ஏழரைக்கு மேல் கதை வேறு. கடற்கரைப் பக்கம் வேலைக்குப் போகிற கூட்டம் முழுக்க அந்த வண்டிகளில்தான். இடைப்பட்ட ஸ்டேஷன்களில் அரை நிமிடம் நின்றால் அதிகம். அந்த நெரிசலில் இரண்டு பெரிய பெட்டிகளோடு திரிசூலத்தில் இறங்குவது இளவட்டங்களுக்கே சிரமம்.

திரிசூலத்தில் இன்னொரு சங்கடம். கிழக்கே மலை, மேற்கே விமான நிலையம், நடுவில் தண்டவாளமும் ஜிஎஸ்டி சாலையும். 1931-லிருந்து மின்ரயில் ஓடும் பழைய தடம் இது. விமான முனையத்தை மனதில் வைத்துப் போட்டதல்ல. ஆகவே இறங்கியதும் சுரங்கப்பாதை வழியாகச் சாலையைக் கடந்து, பன்னாட்டு முனையமான டி2 வரை போக வேண்டும். தோள்பை மட்டும் என்றால் நடந்துவிடலாம். எழுபது வயதில், இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் பெட்டியோடு வேண்டாம் என்பேன்.

எனவே உங்கள் பெற்றோருக்கு என் யோசனை: தாம்பரத்தில் இறங்கி மேற்குப் பக்கம், அதாவது ஜிஎஸ்டி சாலைப் பக்கம், வெளியே வந்து டாக்சி பிடித்து நேரே டி2 வாசல். எட்டு கிலோமீட்டர் அளவுதான். அந்த வேளையில் சாலையும் காலியாக இருக்கும். எழும்பூரிலிருந்து டாக்சி எடுப்பதைவிடச் செலவும் குறையும். சிங்கப்பூர் விமானத்துக்கு ஏழு மணிக்குள் முனையத்தில் இருந்தால் நல்லது. ரயில் ஒரு மணி நேரம் தாமதமானாலும் தாங்கும், இரண்டு மணி நேரம் என்றால் தாங்காது. சாமான் குறைவாக நீங்கள் தனியாக வரும்போது லோக்கலே போதும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் முதல் நாளே தெற்கு ரயில்வே அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். பராமரிப்பு வேலைக்காகக் கடற்கரை–தாம்பரம் வண்டிகளை நிறுத்துவது உண்டு. 2024 ஜூலை, ஆகஸ்டில் தாம்பரம் யார்டு வேலை நடந்தபோது வாரக்கணக்கில் வண்டிகள் ரத்தாயின.

கோவை, சேலம் பக்கமிருந்து சென்ட்ரல் வருகிறவர்களுக்கு இந்தத் தாம்பரம் யோசனை பொருந்தாது. அவர்கள் சென்ட்ரலுக்குக் கீழேயே மெட்ரோ நீல வழித்தடத்தில் ஏறினால் மாறாமல் விமான நிலையத்துக்குள் போய் இறங்கலாம். மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கும். லோக்கல்தான் என்றால் எதிரே உள்ள பார்க் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் பார்க் டவுனில் ஏறினால் வேளச்சேரிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.