நாடுகளின் அரசியல் ஒருங்கிணைப்பை அளக்க முடியுமா?

நாடுகளுக்கு இடையே அரசியல் ஒருங்கிணைப்பு (முடிவெடுக்கும் அதிகாரத்தை ஒரு பொது அமைப்போடு பகிர்வது) எப்படி வளர்கிறது, அதை எப்படி அளப்பது என்பது கேள்வி.

பெரும்பாலும் அது நேரடி அரசியலில் தொடங்குவதில்லை. 1951-ல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய 6 நாடுகள் நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது அமைப்பின் கீழ் கொண்டுவரக் கையெழுத்திட்டன. ஆயுதம் செய்யத் தேவையானவை அவைதானே! இந்த முயற்சிதான் பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியமாக வளர்ந்தது. ஒரு துறையில் கைகோத்தால் அடுத்ததும் கூடவே வரும்: சுங்கவரி போனால் தர விதிகள் இடிக்கும், அப்புறம் நாணய மதிப்பு. ஆனால் இது தானாக ஓடும் வண்டி இல்லை. 1965-ல் பிரான்ஸ் கூட்டங்களைப் புறக்கணித்தது; 2020-ல் பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறியே விட்டது.

சரி, அளப்பது? ஒரு நாடு விரும்பாவிட்டாலும் முடிவு அதைக் கட்டுப்படுத்துமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் கவுன்சிலில் (உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் அவை) பல விஷயங்களுக்கு 55% நாடுகளின் ஆதரவு போதும்; ஆனால் ஒன்றிய மக்கள்தொகையில் குறைந்தது 65% அந்த நாடுகளில் இருக்க வேண்டும். வரியிலும் வெளியுறவிலும் பெரும்பாலும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒரே அமைப்புக்குள் துறைக்குத் துறை ஆழம் மாறுவதால், மொத்தமாக ஒரே மதிப்பெண் போட்டால் ஏமாந்துபோவோம்.

அடுத்தது நீதிமன்றம். தேசியச் சட்டத்தைவிட உறுப்பு நாடுகளுக்கான பொதுச் சட்டமே மேலானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1964-ல் தீர்ப்பளித்தது. பணத்தையும் பாருங்கள்: ஒன்றியத்தின் ஆண்டு பட்ஜெட் உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் சுமார் 1%தான்.

உறுப்பினர் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். ஆப்பிரிக்க ஒன்றியத்தில் 55, ஐரோப்பிய ஒன்றியத்தில் 27. பொதுச் சட்டத்தின் பிடி இரண்டாவதில்தான் அதிகம்.