கால் நனையும் இடத்தில் கண்டம் முடிவதில்லை

கண்டமும் கடலும் சந்திக்கும் இடம் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, அலை வந்து காலைத் தொடுகிற இடம்தானே கண்டத்தின் ஓரம்?

இல்லை. அது இன்றைக்குத் தண்ணீர் நிற்கிற கோடு, அவ்வளவுதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. ஐரோப்பாவின் வட கடலில் வலை வீசும் மீனவர்களுக்கு இன்றும் அழிந்துபோன மாமத யானையின் பல்லும் எலும்பும் சிக்குகின்றன. அங்கே அப்போது யானைகள் மேய்ந்தன.

இப்படி நிலத்தின் தொடர்ச்சியாகக் கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் ஆழம் குறைந்த பரப்புக்குக் கண்டத்திட்டு என்று பெயர். சில இடங்களில் அது சில கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். சைபீரியாவுக்கு வடக்கேயோ ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். பெரும்பாலான இடங்களில் சுமார் 130, 140 மீட்டர் ஆழத்தில் திட்டு முடிந்து, தரை சரியத் தொடங்குகிறது. கண்டம் உண்மையில் முடிவது அந்தச் சரிவில்தான்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒன்று உண்டு. 1965இல் புவி இயற்பியலாளர் எட்வர்ட் புல்லார்டும் அவருடைய குழுவினரும், ஒரு காலத்தில் ஒட்டியிருந்த தென் அமெரிக்காவையும் ஆப்பிரிக்காவையும் கணினியில் பொருத்திப் பார்த்தார்கள். அதற்கு அவர்கள் கரைக்கோட்டை எடுத்துக்கொள்ளவில்லை. சரிவில் சுமார் 900 மீட்டர் ஆழத்தில் ஓடும் கோட்டை எடுத்தார்கள். கிழிந்த காகிதத்தின் இரண்டு பாதிகள் போல ஓரங்கள் சேர்ந்தன.

கேள்வி: படத்தில் அந்தச் சரிவு மலை முகடு மாதிரி செங்குத்தாக இருக்கிறதே?

பாடநூல் படங்கள் மேல் எனக்கு இதில் வருத்தம் உண்டு. பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று உயரத்தைப் பல மடங்கு இழுத்து வரைகிறார்கள். உண்மையில் சராசரி சாய்வு நான்கு பாகை அளவுதான். தண்ணீர் இல்லாவிட்டால் நடந்தே இறங்கலாம். ஆனால் இறக்கம் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை விடாமல் போகும்.

கேள்வி: கண்டம் மேடாகவும் கடல்தளம் பள்ளமாகவும் இருப்பது ஏன்? தண்ணீரின் எடை அழுத்தியதா?

முக்கியக் காரணம் பாறைதான். கண்ட மேலோடு சராசரியாக 35, 40 கிலோமீட்டர் தடிமன். கிரானைட் வகை, எடை குறைவு. கடல்தள மேலோடு சுமார் 7 கிலோமீட்டர்தான். பசால்ட், எடை அதிகம். இரண்டும் கீழே உள்ள கவசத்தின் மேல், அதாவது மேலோட்டுக்கு அடியில் இருக்கும் அடர்ந்த பாறை அடுக்கின் மேல், மிதக்கின்றன. தண்ணீரில் தடித்த லேசான கட்டையையும் மெல்லிய கனத்த பலகையையும் போட்டுப் பாருங்கள், எது தூக்கி நிற்கும் என்று தெரியும். வயதும் வேறு. கடல்தளத்தில் 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறை கிடைப்பது அரிது. கனடாவில் 400 கோடி ஆண்டுப் பாறை இருக்கிறது.

கேள்வி: ஆறு கொண்டுவரும் மணல் கரையோரமே தங்கிவிடுமா, ஆழ்கடலுக்கும் போகுமா?

போகும், அதுவும் பாய்ந்து போகும். 1929 நவம்பர் 18 அன்று கனடாவின் கிழக்கே உள்ள நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கடலடியில் நிலநடுக்கம். மையத்துக்கு அருகே கடலடியில் போட்டிருந்த தந்திக் கம்பிகள் உடனே அறுந்தன. அதோடு நிற்கவில்லை. சரிவுக்குக் கீழே கிடந்த கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக, அடுத்த 13 மணி நேரம் வரை அறுந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் எப்போது செத்தது என்பது நிமிடக் கணக்கில் பதிவாகியிருந்தது. 1952இல் ஹீசன், யூவிங் என்ற இரண்டு கடல் புவியியலாளர்கள் அந்த நேரங்களை வரிசைப்படுத்திப் பார்த்து விடை சொன்னார்கள்: சரிந்த வண்டல் தண்ணீரோடு கலந்து, கனத்த கலங்கல் வெள்ளமாகச் சரிவில் இறங்கிக் கம்பிகளை அறுத்திருக்கிறது.

இந்த வெள்ளத்தின் தடத்தைக் கையில் தொட்டே பார்க்கலாம். கடலடியில் குழாய் இறக்கி எடுத்த வண்டலை நீளவாக்கில் பிளந்தால், அடுக்கின் அடியில் பருமணல், அதற்கு மேல் நுண்மணல், உச்சியில் வழுவழுப்பான களிமண். கனமானது முதலில் படியும், லேசானது கடைசியில். சந்தேகம் வந்தால் ஒரு துளி எடுத்து முன்பற்களில் வைத்து அரைத்துப் பார்ப்போம். நறநறத்தால் களியைவிடப் பருத்த துகள், வெண்ணெய் போல வழுக்கினால் களி. அப்புறம் அடுத்த வெள்ளத்தின் பருமணல் தொடங்கும். இப்படிப் படிந்தவற்றில் மிகப் பெரியது வங்காள விரிகுடாவின் அடியில் இருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்தைக் கரைத்துக் கொண்டுபோய்க் கொட்டிய அந்த விசிறி வடிவ வண்டல் பரப்பு சுமார் 3,000 கிலோமீட்டர் நீளம்.

கேள்வி: சில கரைகளில் அடிக்கடி நிலநடுக்கம், சிலவற்றில் அமைதி. ஏன்?

தென் அமெரிக்காவைப் பாருங்கள். மேற்கே, கடல்தளத் தட்டு (பூமியின் மேற்பகுதி மெல்ல நகரும் பெரிய துண்டுகளாக இருக்கிறது; ஒவ்வொன்றும் ஒரு தட்டு) கண்டத்துக்கு அடியில் புகுகிறது. அதனால் 8,000 மீட்டர் ஆழ அகழி, பக்கத்திலேயே ஆண்டீஸ் மலை, எரிமலை, நிலநடுக்கம். கிழக்கே பிரேசில் ஓரம் தட்டின் நடுவில் இருக்கிறது; அங்கே அகன்ற திட்டும் தடித்த வண்டலும்தான். ஆனால் அமைதியான ஓரத்தை முழுக்க நம்ப வேண்டாம். மேலே சொன்ன 1929 சம்பவம் அப்படிப்பட்ட ஓரத்தில் நடந்ததுதான். சுனாமியும் வந்து உயிர்களைக் கொண்டுபோனது.

கேள்வி: ஒரு நாட்டுக்குக் கண்டத்திட்டு எதுவரை சொந்தம்?

1982 கடல் சட்ட உடன்படிக்கைப்படி 200 கடல் மைல் வரை. நிலத்தின் தொடர்ச்சி அதற்கும் அப்பால் போகிறது என்று நிரூபித்தால், வரம்புக்கு உட்பட்டு மேலும் கேட்கலாம். சட்டத்தின் ‘திட்டு’ வேறு, புவியியலின் திட்டு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: முழுக்க மூழ்கிய கண்டம் என்று ஒன்று உண்டா?

கிட்டத்தட்ட உண்டு. சீலாந்தியா. 49 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் 94 விழுக்காடு தண்ணீருக்குள். வெளியே தெரிவது நியூசிலாந்து, நியூ கலிடோனியா போன்ற மேடுகள் மட்டும். இதைத் தனிக் கண்டமாகவே எண்ண வேண்டும் என்று புவியியலாளர்கள் 2017இல் விரிவாக வாதிட்டார்கள். சுற்றியுள்ள கடல்தளத்தைவிட உயர்ந்த தரை, தடித்த மேலோடு, கிரானைட் உள்ளிட்ட கண்டப் பாறைகள் என்று எல்லாம் அங்கே இருக்கின்றன. எனக்கு அவர்கள் வாதம் சரியென்றே படுகிறது.