வேண்டுமா, வேண்டாமா? – ஹாம் ரேடியோ கேள்வி பதில்

(இந்த இதழில் பதில் சொல்பவர் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். ஹாம் ரேடியோ என்பது அரசு உரிமம் வாங்கி, சொந்த செட்டில் மற்ற ஹாம்களோடு பேசும் பொழுதுபோக்கு வானொலி. அந்த உரிமத்தை 1986 முதல் வைத்திருப்பவர்.)

கேள்வி: ஆளுக்கு இரண்டு செல்போன் இருக்கும் காலத்தில் ஹாம் ரேடியோ எதற்கு சார்? பழைய பாசத்தைத் தவிர வேறு காரணம் உண்டா?
– கல்லூரி மாணவர், கரூர்

பாசம் உண்டு தம்பி, மறைக்கவில்லை. ஆனால் 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிந்தபோது நீங்கள் எங்கள் ஊரில் இருந்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கஜா புயல் நள்ளிரவுக்கு மேல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. கொஞ்ச நேரத்தில் எங்கள் கொட்டகையின் ஓடுகள் பறக்க ஆரம்பித்தன. பொழுது விடிந்து கதவைத் திறந்தால் தோப்பு இல்லை, வானம்தான் இருந்தது. எத்தனையோ வருடமாக அந்த வீட்டில் குடியிருக்கிறேன், கிழக்கே வானம் தெரிந்து அன்றுதான் பார்த்தேன்.

செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. எங்கள் ஊர் டவர் விழவில்லை, நன்றாகத்தான் நின்றது. கரண்ட் போனால் டவர் சில மணி நேரம் பேட்டரியில் ஓடும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், டீசல் வண்டி வர ரோடு வேண்டும். ரோட்டில் தென்னை கிடக்கிறது. சாய்ந்த மரத்தின் வேரோடு ஃபைபர் கேபிளும் மேலே வந்துவிட்டது. இத்தனையில் ஒன்று கெட்டாலும் போன் ஊமைதான். ஹாமில் நடுவே யாரும் கிடையாது. இந்தப் பக்கம் என் செட், என் பேட்டரி, என் கம்பி. அந்தப் பக்கம் அவருடையது.

ஆனால் என் கம்பியும் போயிருந்தது. இரண்டு தென்னைகளுக்கு நடுவே உயரத்தில் கட்டிய இருபது மீட்டர் செம்புக் கம்பிதான் என் ஆன்டெனா. இரண்டு மரமும் விழுந்துவிட்டன. மட்டைகளுக்கு அடியில் கம்பியைத் தேடி எடுத்து, அறுந்த இடத்தை முறுக்கிச் சேர்த்து, கொட்டகைத் தூணுக்கும் ஒரு மூங்கிலுக்கும் இடையில் துணி காயப்போடும் கொடி மாதிரி கட்டினேன். தலைக்கு மேல் ஒரு முழம்தான் இருக்கும். பக்கத்து வீட்டு டிராக்டர் பேட்டரியில் செட்டைப் போட்டால், திருச்சி ஹாம் நண்பர் எதிர் வீட்டிலிருந்து பேசுவது போலக் கேட்கிறது!

அதிர்ஷ்டம் இல்லை, இயற்பியல். நான் பேசும் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கம்பி உயரத்தில் இருந்தால் அலை சாய்ந்து புறப்பட்டு வெகுதூரம் போய் இறங்கும். தரையை ஒட்டி இருந்தால் நேரே மேலே போய், ரேடியோ அலையைக் கீழே திருப்பிவிடும் வானத்து அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்த மாதிரி இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்குள் கொட்டும். மரங்கள் நின்றவரை எனக்கு ஜப்பான் நன்றாகக் கேட்கும், திருச்சி தகராறு செய்யும். விழுந்த பிறகுதான் எனக்கு வேண்டிய திருச்சி கிடைத்தது. இருட்டினால் இந்தக் குடை மடங்கிவிடும். அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும், அதற்குக் கம்பி இரட்டை நீளம். அன்று என்னிடம் இல்லை. ஆகவே பொழுது சாய்ந்தால் கடையை மூடிவிடுவேன்.

கேள்வி: இதற்குச் சம்பளம் உண்டா?
– வாசகர், விருத்தாசலம்

கிடையாது. காசு வாங்கினால் உரிமம் போய்விடும். அந்த டிராக்டர் பேட்டரிக்கு வாடகையாக இரண்டு மூட்டை தவிடு கொடுத்தது என் கைக்காசு.

கேள்வி: சுனாமியின்போது அந்தமானில் ஒரு பெண் ஹாம் ஆபரேட்டர் பெரிய வேலை செய்தார் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, தூத்துக்குடி

உண்மைதான், பாரதி பிரசாத். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்தவர். அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்பப் பல வருடங்களாக அனுமதி இல்லாமல் இருந்தது. அது கிடைத்து, 2004 டிசம்பரில் ஒரு குழுவோடு போர்ட் பிளேரில் போய் உட்கார்ந்தார். உலகம் முழுக்க அந்தத் தீவைத் தொடர்புகொள்ளத் தவம் கிடந்த ஹாம்கள் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவன் கத்துவதுபோல நானும் மூன்று ராத்திரி கத்திப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை.

26-ஆம் தேதி காலை ஆறரை சுமாருக்குப் பூமி ஆடியது. அதோடு விளையாட்டு முடிந்தது. அதே செட், அதே ஆன்டெனா, அவசர நிலையமாக மாறிவிட்டது. போர்ட் பிளேரிலிருந்து பெருநிலத்துக்குத் தகவல் போக அது ஒரு வழியாக இருந்தது. குழுவிலிருந்து சிலர் கார் நிக்கோபாருக்கும் போய் நிலையம் அமைத்தார்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய செய்திகள் அப்படித்தான் ஒவ்வொன்றாக வீடு வந்து சேர்ந்தன.

இதில் நான் கவனிப்பது ஒன்று. அவர்கள் சுனாமிக்கு என்று போகவில்லை. மூன்று வாரமாக ராப்பகலாக அந்த செட்டில் பேசிப் பேசிக் கையும் காதும் பழகியிருந்தன. அலமாரியில் பூட்டி வைத்த செட்டைப் புயலன்று எடுத்துத் துடைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பேட்டரி செத்திருக்கும், மைக் ஒயர் விட்டிருக்கும்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. அவள் உரிமம் வாங்க முடியுமா? மோர்ஸ் தந்திக் குறியீடு கட்டாயமா?
– தாயார், நாமக்கல்

12 வயது நிறைந்தால் போதும் அம்மா. மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வு. தொடக்க நிலைக்கு மோர்ஸ் கிடையாது. கொஞ்சம் மின்சாரம், கொஞ்சம் ரேடியோ, நிறைய விதிமுறை. ரேடியோவில் பெயருக்குப் பதில் சொல்ல, வி யூ 3 என்று ஆரம்பிக்கும் அழைப்புக் குறி கொடுப்பார்கள். அடுத்த நிலைக்குப் போனால் வி யூ 2. ராஜீவ் காந்தியின் குறிகூட வி யூ 2 ஆர் ஜி. நான் எழுதிய தேர்வில் நிமிடத்துக்கு 5 சொல் மோர்ஸ் கேட்டார்கள். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை எல்லாம் ‘டிட் டா’ என்று முணுமுணுத்துப் பக்கத்து சீட்காரரை எழுந்து ஓட வைத்திருக்கிறேன். உங்கள் மகளுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

கேள்வி: ஆன்லைனில் சீன வாக்கி டாக்கி மலிவாகக் கிடைக்கிறது. புயலுக்கு முன் ஒன்று வாங்கி வைக்கலாமா?
– வாசகர், கடலூர்

உரிமம் இல்லாமல் கூடாது, சட்டப்படி தவறு. தவிர, அது நேர்க்கோட்டில் போகிற அலை. ஊர் எல்லை தாண்டினாலே மூச்சு வாங்கும். அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் மலைமேல் இருந்தால்தான் தூரம் எட்டும், எங்கள் டெல்டாவில் மலைக்கு எங்கே போவது? அந்தக் காசில் நல்ல டார்ச்சும் பேட்டரி ரேடியோவும் வாங்குங்கள்.

கேள்வி: பேரிடர் நேரத்தில் ஹாம் செய்கிற தப்பு எது? உங்களுக்கு நேர்ந்தது உண்டா?
– ஹாம் தேர்வுக்குப் படிக்கும் வாசகர், மதுரை

நல்லவேளை, ‘உண்டா’ என்றுதான் கேட்டீர்கள், ‘எத்தனை’ என்று கேட்கவில்லை.

கஜாவுக்கு மறுநாள். குழந்தைகளுக்குப் பால் பவுடர் வேண்டும் என்று மல்லிப்பட்டினத்திலிருந்து ஒருவர் சைக்கிளை மிதித்தும் மரங்களுக்கு மேல் தூக்கியும் என்னிடம் வந்து சேர்ந்தார். நான் அனுப்பினேன். இரைச்சலில் எதிர்முனைக்குக் கேட்டது ‘…பட்டினம்’ மட்டும். அவர் அதிராம்பட்டினம் என்று எழுதிக்கொண்டார். நான் ‘ரோஜர்’, அதாவது ‘கிடைத்தது’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு மைக்கை வைத்துவிட்டேன், திரும்பப் படிக்கச் சொல்லவில்லை. வண்டி வேறு பட்டினத்துக்குப் போனது. முக்கால் நாள் வீண். தப்பு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து ஊர்ப் பெயரை எழுத்தெழுத்தாக, M-க்கு ‘மைக்’, A-க்கு ‘ஆல்ஃபா’ என்று உடைத்துச் சொல்லாமல் விடுவதில்லை.

இது பயிற்சிப் புத்தகத்தில் இருக்கும். இல்லாதது, தமிழில் பேசும்போது வரும் வம்பு. ‘அறுபது’ என்றால் இரைச்சலில் ‘எழுபது’ ஆகும். ஆகவே ‘ஆறு, பூஜ்யம்’ என்று தனித்தனியாகச் சொல்வேன். எல்லாவற்றையும்விட மோசம் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’. முதல் பாதி ஒன்றே, வாலில்தான் வித்தியாசம், அந்த வாலைத்தான் இரைச்சல் தின்னும். டாக்டர் வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் நடுவே ஒரு ‘கொர்ர்’. நான் அந்த இரண்டு சொல்லையும் மைக்கில் தொடுவதே இல்லை. ‘தேவை’ அல்லது ‘தேவையில்லை, மறுபடியும் சொல்கிறேன், இல்லை’.

இன்னொன்று: என் செட் கேட்பதற்கு ஒரு ஆம்பியர் எடுக்கும், முழு சக்தியில் பேச இருபது ஆம்பியர். பேட்டரிக்கே தெரியும் எது மிச்சம் என்று. புதிதாக வருகிறவர்கள் மைக்கை அழுத்திக்கொண்டே இருப்பார்கள்.

கேள்வி: அனுப்பியதில் மறக்க முடியாத செய்தி எது?
– வாசகி, ஸ்ரீரங்கம்

அந்த வாரத்தில் போன செய்திகளில் பெரும்பாலானவை ‘நல்லா இருக்கோம்’ வகைதான். நான் சொல்வேன், திருச்சி நண்பர் எழுதிக்கொண்டு தன் போனில் அந்தந்த ஊருக்குக் கூப்பிட்டுச் சொல்வார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வடக்குத் தெரு ஆயா ஒருவர் வந்தார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. சீட்டில் எழுதச் சொன்னார்: “வீடு போச்சு. மாடு இருக்கு. நீ வர வேண்டாம், லீவு போட்டா சம்பளம் புடிப்பான்.”

அந்த ‘வேண்டாம்’ எனக்குப் பகீரென்றது. “ஆயா, ‘வராதே’ன்னு போடட்டுமா?” என்றேன்.

“அது என்ன, புள்ளைய வராதேன்னு சொல்லுவாங்களா? நான் சொன்னதையே போடு தம்பி.”

செய்தி அவருடையது, வார்த்தையை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. இரண்டு முறை மெதுவாகச் சொன்னேன். திருச்சி சந்தேகப்பட்டுக் கேட்டது: “வேண்டுமா, வேண்டாமா? ஓவர்.” மூன்றாம் முறை எழுத்தெழுத்தாகச் சொல்லி, அவர் திரும்பப் படிக்க, நான் சரிபார்த்து, அப்புறம்தான் ரோஜர். ஒரு சீட்டுக்குப் பத்து நிமிடப் பேட்டரி.

மறுநாள் மத்தியானம் அந்த மகன் தோளில் தார்ப்பாயைப் போட்டுக்கொண்டு என் வாசல் வழியாக நடந்து போனான். எனக்கு நெஞ்சு படபடத்தது. கூப்பிட்டு, “தம்பி, உனக்கு என்னன்னு சேதி வந்துச்சு?” என்றேன்.

“வர வேண்டாம்னு வந்துச்சு சார்.”

“அப்புறம் ஏம்ப்பா வந்தே?”

“அம்மா எப்பவும் அப்படித்தான் சார் சொல்லும்.”